சட்டையில்லாத போட்டோவுக்கு லைக் வந்தால்தான் ஜிம்முக்குப் போகத் தோணுது, என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டை_வாசி:
ஞாயித்துக்கிழமை ஆனா ஜிம் கண்ணாடி முன்னாடி சட்டையைக் கழட்டி ஒரு போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடுறேன். லைக் நல்லா வந்தா அந்த வாரம் ஒரு நாளும் தவறாது. குறைஞ்சா திங்கட்கிழமையே ஜிம்முக்குப் போக மனசு வரமாட்டேங்குது. போட்டோவை நிறுத்தினா ஆர்வமே போயிடுமா? இன்னொன்னு, என் தங்கச்சியும் சேரப் போறா. மாஸ்டர் லேடீஸ் பேட்ச்லயும் பயிற்சிக்கு ‘முன் – பின்’ போட்டோ கேக்குறாராம். எப்படி மறுக்கிறது?

வில்லியனூர்_கோச்:
தம்பி, புதுசா எடை தூக்குறவங்களுக்கு முதல் சில வாரம் கூடுற பலம் பெரும்பாலும் நரம்போட வேலை. ஏற்கனவே இருக்குற தசை நார்களை ஒண்ணா இழுக்க உடம்பு பழகுது. தசை பெருத்து கண்ணுக்குத் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். ஸ்குவாட் (எடையோட உக்காந்து எழுறது) 30 கிலோவிலிருந்து 45க்குப் போயிருக்கும், போட்டோ அப்படியேதான் இருக்கும். அந்த நேரத்துல வாரா வாரம் போட்டோவைப் பார்த்தா, நடக்குற முன்னேற்றத்தை நீங்களே இல்லைன்னு சொல்லிக்கிறீங்க.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. தேதி, பயிற்சி, எடை, எத்தனை தடவை, அவ்வளவுதான். 3 செட் (சுற்று), ஒவ்வொண்ணுலயும் 8 முதல் 12 தடவை. மூணு செட்லயும் 12 வந்துட்டா அடுத்த முறை 2.5 கிலோ ஏத்துங்க. முதுகு வளைஞ்சா, முட்டி உள்ளே சாஞ்சா ஏத்தாதீங்க. இந்த எண் உங்க கையில இருக்கு, லைக் அடுத்தவன் விரல்ல இருக்கு.

மனசு வராத நாளுக்கு முன்கூட்டியே ஒரு விதி வெச்சுக்கோங்க: “ஜிம் போகலைன்னா புதுச்சேரி பீச் ரோட்ல 20 நிமிஷ வேக நடை.” சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்க வண்டி விடமாட்டாங்க, அதனால சாக்கு சொல்ல வழியில்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றதும் வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உழைப்பு, கூட ரெண்டு நாள் தசைப் பயிற்சி. ஆறு நாள் ஜிம்ல கிடக்கணும்னு யாரும் கேக்கல.

தேவனாம்பட்டினம்_லென்ஸ்:
இன்ஸ்டாவில் பார்க்கும் வயிற்றுக்கட்டுகளில் பாதி வெளிச்சத்தின் வேலை. தலைக்கு மேலே விளக்கு இருந்தால் ஒவ்வொரு தசைக்கும் கீழே நிழல் விழும். பயிற்சி முடிந்த கையோடு எடுத்தால் ரத்தம் பாய்ந்து தோள் புடைத்திருக்கும், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். செல்ஃபி கேமராவைக் கிட்டத்தில் பிடித்தால் முன்னால் நீட்டிய கை பெரிதாகும், இடுப்பு சிறிதாகும். நேற்று இரவு கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தால் உப்போடு தண்ணீரும் தங்கி, காலையில் ஒரு கிலோ கூடிக் காட்டலாம். அது கொழுப்பு அல்ல.

ஒப்பிட வேண்டுமென்றால் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு, சாப்பிடும் முன். அதே சுவர், அதே ஜன்னல் வெளிச்சம், அதே அரைக்கால் சட்டை. போனின் பின்புற கேமரா தொப்புள் உயரத்தில், 2.5 மீட்டர் தள்ளி, 10 விநாடி டைமர். முன், பக்கம், பின் என மூன்று படம். வயிற்றை எக்க வேண்டாம்.

டேப் இதைவிட நேர்மையானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்கவும். நம் ஊர்க்காரர்களுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடும்.

போட்டோவுக்காகத் தண்ணீரை நிறுத்துவது, சிறுநீர் போகும் மாத்திரை போடுவது இரண்டும் கூடவே கூடாது. பொட்டாசியம் தாறுமாறானால் இதயத் துடிப்பே தடுமாறும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடம்பு சூடும் இறங்காது. இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள்.

மஞ்சக்குப்பம்_அக்கா:
தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். “போட்டோ தரமாட்டேன், டேப் அளவும் தூக்குற எடையும் எழுதித் தர்றேன்”னு முதல் நாளே சொல்லச் சொல்லுங்க. காரணம் சொல்ல வேண்டியதே இல்ல. ஜிம் விளம்பரத்துக்குன்னா எந்தப் படம், எங்க போடுவாங்க, எப்ப நீக்குவாங்கன்னு எழுத்துல இருக்கணும். ஜிம் வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பவே கூடாது, அடுத்தவங்க கேலரியில தானா இறங்கிடும். அப்புறம் உங்க போன்ல அழிச்சு என்ன பண்றது?

நீங்களும் போடுறதா இருந்தா க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் போடுங்க, லைக் எண்ணிக்கையை மறைச்சுடுங்க. ஜிம் பேரு, லொகேஷன் டேக் வேண்டாம். ஓட்டத்தைப் பதியுற ஸ்ட்ராவா ஆப் வெச்சிருந்தா ஓட்டம் தொடங்குற, முடியுற இடத்தை மறைக்கிற அமைப்பு இருக்கு. போடலைன்னா வீட்டு வாசலை வரைபடத்துல காட்டிடும்.

யாராவது அந்தரங்கப் படத்தை வெச்சு மிரட்டினா காசு கொடுக்காதீங்க. லிங்க், நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு தேசிய சைபர் கிரைம் இணையதளத்துல புகார் கொடுங்க. 18 வயசு ஆனவங்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ தளம் உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது, படத்துலேருந்து போனே உருவாக்குற ஒரு எண் அடையாளம் மட்டும் போகும். அதை வெச்சு இதுல சேர்ந்திருக்கிற தளங்கள் அதே படம் பரவாம தடுக்கும்.

லாஸ்பேட்டை_வாசி:
நன்றி அக்கா. முகத்தை மறைச்சுப் போட்டா பரவாயில்லையா?

மஞ்சக்குப்பம்_அக்கா:
பத்தாது தம்பி. பச்சை குத்தினது, தழும்பு, கழுத்துச் செயின், கண்ணாடியில தெரியுற பைக் நம்பர், இதுல ஒண்ணு போதும். அதோட ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கிறதா இருந்தா எடிட் பண்ணின காப்பியை அனுப்புறீங்களான்னு பாருங்க. அவசரத்துல ஒரிஜினல் போயிடும்.