பொங்கல் பானைக்கு எந்த ஊர் நேரம்?

செம்பனைச்செல்வன்:
நம்ம மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துக் கோயில்களில் பொங்கல் நேரத்தைத் தமிழ்நாட்டு நாள்காட்டியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். இது தப்பு. அதில் உள்ள ராகு காலம், சூரியன் 6 மணிக்கு எழுவதாக வைத்துப் போட்டது. ஜனவரி நடுவில் இங்கே உதயம் ஏறக்குறைய 7:24. 2024இல் பொங்கல் திங்கட்கிழமை வந்தது. அச்சில் ராகு காலம் 7:30–9:00. நம்ம ஊர்ப் பகலை எட்டாகப் பிரித்தால், திங்களுக்கு ராகு காலமான இரண்டாம் பங்கு 8:54 முதல் 10:23 வரை. ஒன்பது தாண்டட்டும் என்று காத்திருந்தவர்கள் நேரே அதற்குள் போய்த்தான் அடுப்பு மூட்டினார்கள்.

கிராணிவீட்டுக் கணேசன்:
தம்பி, கணக்கு சரி. ஆனால் பொங்கலுக்கு ராகு காலமா முக்கியம்? காவிரிப் படுகையில் ஆவணி வாக்கில் விதைத்த சம்பா தையில் களத்துக்கு வரும். அந்தப் புது நெல்லைக் குத்தி, முதலில் சூரியனுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவதுதான் இதன் வேர். 1952இல் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கியதும் சாதி சமயம் பாராமல் எல்லாரும் கூடத்தான். ஊருக்கு ஊர் பஞ்சாங்கம் பிரித்தால் அந்த நோக்கமே போய்விடும்.

செம்பனைச்செல்வன்:
சூரியனுக்குப் படையல் என்று நீங்களே சொல்கிறீர்கள் ஐயா. சென்னையில் அது எழும்போது நம்ம கடிகாரத்தில் 9:05. இங்கே வெயில் ஏறிவிடும்.

நேரம் மட்டுமில்லை, நாளே மாறலாம். தமிழ் முறைப்படி, சூரியன் மகரத்துக்குள் நுழைவது அது மறைவதற்கு முன் என்றால் அன்றே தை 1. மறைந்த பின் என்றால் மறுநாள். இந்திய நேரம் மாலை 5:30க்கு நுழைந்தால் சென்னையில் இன்னும் வெளிச்சம். நமக்கு அப்போது இரவு 8:00. சூரியன் 7:20க்கே மறைந்தாயிற்று. அந்த ஆண்டு நமக்கு மறுநாள்தான் பொங்கல்.

கிராணிவீட்டுக் கணேசன்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வானத்தை அவ்வளவு இறுக்கிப் பிடித்தால், சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். அதுவும் மகர நுழைவும் ஒரே நாளில் வந்தது கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கில். ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாளாக விலகி இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. அதற்காக டிசம்பரிலா பொங்கல் வைக்கிறோம்? பக்கத்துத் தஞ்சோங் காராங் வயலில் ஆண்டுக்கு இரண்டு போகம். அந்த அறுவடையைப் பார்த்தும் வைப்பதில்லை. பொங்கல் நாளைத் தீர்மானிப்பது வழக்கம்தான். அதை உடைக்காதீர்கள்.

லயத்து வளர்மதி:
நேரத்தில் செல்வன் அண்ணன் பக்கம்தான் நான். ஆனால் 7:24 என்று எழுதி ஒட்டினால் எல்லாரும் 7:24க்குத்தான் தீப்பெட்டியைத் தேடுவார்கள். நாலு லிட்டர் மண்பானை, விறகடுப்பில் பொங்க அரை மணி நேரம் பிடிக்கும். உதயத்தில் பொங்கணும் என்றால் 6:50க்கே தீ எரியணும். கித்தா (ரப்பர்) விறகு நல்லது, ஆனால் ஈரமாக இருந்தால் புகைதான்.

ஒரு லிட்டர் பாலும் இரண்டரை லிட்டர் தண்ணீரும் ஊற்றினால் கழுத்து வரை வரும். பாதிப் பானை ஊற்றிவிட்டுப் பொங்கவில்லை என்று சகுனம் பார்க்காதீர்கள். பொங்கியதும் இரண்டு அகப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அரை கிலோ பச்சரிசி, வறுத்த பாசிப்பருப்பு 125 கிராம் போடுங்கள். இறுகினால் எடுத்ததை ஊற்றலாம். சோற்றை விரலில் நசுக்கினால் மசியணும், அதற்குப் பிறகே 750 கிராம் வெல்லத்தைக் கரைத்து, மண் வடிகட்டி ஊற்றுங்கள். முன்னாலேயே ஊற்றினால் அரிசி அதோடு வேகாது, விதை விதையாக நிற்கும், பாலும் திரியலாம்.

குவாலா சிலாங்கூரில் வாங்கும் புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய தண்ணீரைச் சிறுதீயில் ஒருமுறை கொதிக்க வையுங்கள். சூடேறிய பானையில் ஐஸ்பெட்டிப் பாலை ஊற்றினால் அடியில் மயிரிழைபோல விரிசல் ஓடும், மஞ்சள் கொத்து கட்டிய பிறகு பானை மாற்றவும் முடியாது.

கிராணிவீட்டுக் கணேசன்:
வளர்மதி சொல்கிற 6:50க்கு நான் சம்மதம். பலகையில் அடுப்பு மூட்டும் நேரம் என்றே எழுதட்டும். நாள் மட்டும் தமிழ்நாட்டோடு ஒன்றாகவே இருக்கணும்.

செம்பனைச்செல்வன்:
நாள் விஷயத்தில் நான் மாறவில்லை ஐயா. 2027இல் மகர நுழைவு ஜனவரி 14 இரவு, இரண்டு ஊரிலும் சூரியன் மறைந்த பின். அதனால் 15ஆம் தேதி, சண்டை இல்லை. 6:50 என்று கோயிலில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.