கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒன்றாம் வகுப்பு: எங்கே சேர்க்கலாம்?

கேரளா, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா மக்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். பாப்பாவை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பக்கத்திலேயே அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரரோ பொள்ளாச்சி ரோட்டில் இருக்கிற இங்கிலீஷ் மீடியம்தான் வேண்டும் என்கிறார், ஆனால் அங்கே படிக்கிற நாத்தனார் பையன் யூகேஜியிலேயே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நோட்டு மேலேயே தூங்கிப்போகிறான். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2018லேயே சொன்னது, மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கையிலும் அதேதான், யார் கேட்கிறார்கள்! அப்புறம் மலையாளம்: தமிழ் மீடியப் பிள்ளைகள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? இங்கே அரசுப் பள்ளியில் படிக்க வைப்பவர்கள், வீட்டுப்பாடம் எவ்வளவு வருகிறது என்றும் சொல்லுங்கள். மாமியார் என் கட்சிதான்.