5 வயசு பொண்ணுக்கு இந்த ஸ்னோ ஒயிட் புக் படிச்சு காட்டலாமா?

நிலாக்குட்டி அம்மா:
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், பொண்ணுக்கு 5 வயசு, பர்த்டேக்கு வந்த கிஃப்ட்ல ஒரு ஸ்னோ ஒயிட் புக், பழைய கதையை புதுசா திருப்பி எழுதினது. அட்டை அவ்ளோ அழகு, பின்னாடி "4 வயது முதல்"னு வேற போட்டிருக்கு, நானும் நம்பி படிக்க உக்காந்துட்டேன். கொஞ்ச பக்கத்துலயே ராணி வேட்டைக்காரன்கிட்ட அந்தப் பொண்ணோட நுரையீரலும் ஈரலும் கொண்டு வாங்கறா, அவன் ஒரு காட்டுப்பன்னியோடதை கொண்டு வந்து குடுக்க, இவ உப்பு போட்டு வேக வெச்சு தின்னுடறா!! நான் "அப்புறம் எல்லாரும் தூங்கிட்டாங்க"ன்னு ஏதோ உளறி மூடிட்டேன். அப்புறமா தனியா கடைசி பக்கம் பாத்தா, பழுக்க காய்ச்சின இரும்பு செருப்பை மாட்டிவிட்டு ராணியை சாகற வரைக்கும் ஆட விடறாங்க. இதையெல்லாம் எழுதினவங்களா சேத்ததா? படிச்சு காட்டலாமா, தூக்கி மேல வெச்சிடவா?

பழைய பேப்பர்:
சேத்தது இல்ல சிஸ், ஜெர்மனியில நாட்டுப்புற கதைகளை தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812ல போட்டதுலயே இது ரெண்டும் இருக்கு. சொல்லப்போனா அதுல ராணி சித்தி கூட கிடையாது, பெத்த அம்மாவே. 1819 பதிப்புலதான் சித்தியா மாத்தினாங்க. இதெல்லாம் குழந்தைங்க படிக்கிற மாதிரி இல்லன்னு அப்பவே திட்டு வாங்கி, 1857 வரைக்கும் ஏழு பதிப்பா திருத்திக்கிட்டே வந்தாங்க. இதுல வேடிக்கை, ரபன்சல்ங்கற இன்னொரு கதையில அந்தப் பொண்ணு மாசமா இருக்கான்னு தெரியற ஒரு வரியை எடுத்துட்டாங்க, இரும்பு செருப்பை மட்டும் எடுக்கல.

கதைசொல்லி:
நான் பல வருஷமா சின்ன பசங்களுக்கு கதை படிக்கிறவ, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க. கொடூரம் இருக்கா இல்லையான்னு பாக்காதீங்க, அதுல எவ்ளோ நேரம் நிக்கிறாங்கன்னு பாருங்க. கிரிம் கடைசியா திருத்தின 1857 பதிப்புல ராணி சாகறது ரெண்டே வரி, செருப்பு வந்துச்சு, ஆடினா, செத்தா, அவ்ளோதான், வலி எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது. அப்படி சொன்னா பசங்க "நல்லா வேணும்"னு சிரிச்சுட்டு போயிடுவாங்க. திருப்பி எழுதறவங்க அங்க போயி தோல் கருகற வாடை, அலறல்னு விவரிக்க ஆரம்பிச்சா அது பெரியவங்களுக்கு எழுதினது, அட்டையில எந்த வயசு போட்டாலும் சரி. எழுத்தை விட படம் முக்கியம், படிக்க தெரியாத குழந்தை நீங்க பக்கத்தை திருப்பற வரைக்கும் அந்த படத்தையேதான் பாத்துட்டு இருக்கும். இன்னொண்ணு, ஒரு தடவை வாய்விட்டு படிச்சு பாருங்க, ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள ரெண்டு தடவை மூச்சு வாங்கினா 5 வயசுக்கு அது தாங்காது. அழகான புக்லாம் பாதி இங்கதான் அடிவாங்கும்.

ஓநாய் கட்சி:
ரொம்ப சுத்தம் பண்ணினதும் வம்புதான். என் பையனோட சிவப்பு தொப்பி கதையில ஓநாய் பாட்டியை முழுங்காம பீரோல வெச்சு பூட்டுது, கடைசில சாரி சொல்லிட்டு காட்டுக்குள்ள போயிடுது. அன்னைக்கு ராத்திரி பூரா "பீரோக்குள்ள பாட்டி எப்படி மூச்சு விட்டாங்க, ஓநாய் திரும்பி வருமா"ன்னு ஒரே கேள்வி. கிரிம் கதைப்படி ஓநாய் வயித்தை வெட்டி பாட்டி பேத்தி ரெண்டு பேரும் உயிரோட வெளிய வந்து, உள்ள கல்லை நிரப்பி, ஓநாய் செத்துச்சுன்னு சொன்னேன், பத்து நிமிஷத்துல தூங்கிட்டான். அதுக்காக இதே கதையை பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697ல எழுதினதை எடுத்துடாதீங்க, அதுல பாட்டி பேத்தி ரெண்டு பேரையும் தின்னதோட கதை முடிஞ்சுடும், காப்பாத்த யாரும் வரமாட்டாங்க.

நிலாக்குட்டி அம்மா:
எல்லாருக்கும் தேங்க்ஸ். @கதைசொல்லி நீங்க சொன்னதும் எண்ணி பாத்தேன் மேடம், செருப்பு சீன் மட்டும் 14 வரி, கூடவே ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ராணியோட காலை மட்டும் பெருசா வரைஞ்சிருக்காங்க. புக்கை மேல வெச்சாச்சு, கதையை வாயாலயே சொல்லிட்டேன், ஈரல் பத்தி வாயே திறக்கல, செருப்பை ஒரே வரில முடிச்சேன். அவ அதை கண்டுக்கவே இல்ல. "ஸ்னோ ஒயிட் ஏழாவது குள்ளன் கட்டில்ல படுத்துட்டாளே, அவன் எங்க படுத்தான்"னு மட்டும் நாலு தடவை கேட்டா. புக்கை இறக்கி பாத்தேன், நல்லவேளை அதுக்கு பதில் இருக்கு, மத்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் படுத்தானாம்.