போரால் பயங்கரவாதம் ஒழியுமா? பட்டிமன்றத்துக்குத் தகவல் வேணும்

கோத்தகிரி டீச்சர்

வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம். தலைப்பு: "பயங்கரவாதத்தை ஒழிக்கப் போர் போதுமா, போதாதா?" அணிக்கு மூணு பேர், ஆளுக்கு 5 நிமிஷம். "போதாது" அணி எழுதிக் கொண்டுவந்தது முழுக்க "அன்பே வெல்லும்" ரகம். எதிரணி "2009 முள்ளிவாய்க்கால்" என்று ஒரு வார்த்தை சொன்னால் இவங்க உட்கார்ந்துடுவாங்க. வகுப்பில் பாதிப் பேர் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைங்க, அந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஒரு பையன் வேற கேட்டான்: "ஹிட்லரைப் போர்தானே டீச்சர் ஒழிச்சது?" என்ன பதில் சொல்றது? ஆண்டும் எண்ணும் பிசகக் கூடாது.

வெலிங்டன் வாசி

டீச்சர், அமைப்பு வேற, கொள்கை வேற. பிள்ளைங்க முதல் நிமிஷத்திலேயே இதைப் பிரிச்சுச் சொல்லிடணும். போர் அமைப்பை உடைக்கும். அதுவும் அந்த அமைப்பு நிலத்தைப் பிடிச்சு, எல்லை போட்டு உட்கார்ந்திருந்தால்தான். புலிகளிடம் கிளிநொச்சி இருந்தது, கடற்புலிகள் இருந்தாங்க, குட்டி விமானம்கூட இருந்தது. ராணுவத்துக்கு அடிக்க இடம் தெரிஞ்சது. ஐ.எஸ். கதையும் அதுதான். 2017 ஜூலையில் ஈராக்கில் மொசூல் போச்சு, 2019 மார்ச்சில் சிரியாவில் பாகூஸ் போச்சு. மிச்ச ஆட்கள் பழையபடி ஒளிஞ்சு குண்டு வைக்கப் போயிட்டாங்க.

2009-ஐ எதிரணி எடுத்தால் 1987-ஐக் கேட்கச் சொல்லுங்க. அதே புலிகளோடு மோதிய இந்திய அமைதிப்படை சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்துட்டு 1990 மார்ச்சில் திரும்பி வந்தது. நடுவில் என்ன மாறியது? 2004-இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிஞ்சு கிழக்கு கைவிட்டுப் போச்சு. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டு வெளிநாட்டுப் பண வழியை நெரிச்சது. 2007-இல் ஆயுதம் சுமந்த கப்பல்களை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மூழ்கடிச்சது. தரைப்படையின் கடைசி அடி அதுக்கெல்லாம் அப்புறம்தான். விலையையும் சொல்லணும்: கடைசி மாதங்களில் செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு. கேட்ட உரிமை என்னாச்சு? 1987-இல் இலங்கை அரசியல் சட்டத்தில் எழுதிய 13-வது திருத்தத்தில் உள்ள காணி, போலீஸ் அதிகாரம் இன்னும் மாகாணங்கள் கைக்கு முழுசா வரலை.

ஒரு கணக்கு, கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். 2006-இல் அமெரிக்க ராணுவம் போட்ட கிளர்ச்சி ஒழிப்புக் கையேடு, மக்களில் 1000 பேருக்கு 20 படையாள் வேணும்னு சொல்லுது. நம்ம நீலகிரியின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி 7,35,394. இந்த ஒரு மாவட்டத்துக்கே 14,700 பேர் ஆகும். ஆப்கானிஸ்தானை 3 கோடின்னு வெச்சா 6 லட்சம். அமெரிக்கப் படை உச்சத்தில் இருந்தப்பவே சுமார் 1 லட்சம்தான். 20 வருஷம் இருந்துட்டுக் கிளம்பினாங்க, 2021 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தலிபான் காபூலுக்குள்ள வந்தாச்சு.

மூங்கில் காடு

மிசோரமை விட்டுவிடாதீர்கள் டீச்சர். நம்மைப் போல மலைக்காரர்கள், பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். அங்கே சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை மூங்கில் பூத்து விதை கொட்டும். விதையைத் தின்று எலி பெருகும். விதை தீர்ந்ததும் எலிப்படை நெல்வயலுக்குள் இறங்கும். 1959-இல் அப்படித்தான் பஞ்சம் வந்தது. முன்கூட்டியே எச்சரித்தும் அன்றைய அசாம் அரசு கண்டுகொள்ளவில்லை. பஞ்ச நிவாரணத்துக்குத் தொடங்கிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணிதான் 1961-இல் "பஞ்சம்" என்ற சொல்லை உதிர்த்துவிட்டு மிசோ தேசிய முன்னணி ஆனது. கிளர்ச்சி வெடித்தது 1966 பிப்ரவரி 28 அன்று. மார்ச் 5-ஆம் தேதி இந்திய விமானப்படை அய்சால் மீதே குண்டு வீசியது.

அதற்கடுத்த ஆண்டு கிராமங்களைப் பெயர்த்து சாலையோரம் அடைத்தார்கள். பழைய வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. புதுக் கிராமத்துக்கு வேலி, வாசலில் காவல், வெளியே போக அனுமதிச் சீட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பியாக வேண்டும். மலைச்சரிவில் புனம் வெட்டி விதைப்பவருக்குக் காடு அரை நாள் நடை என்றால் எப்போது போய் எப்போது திரும்புவது? விளைச்சல் விழுந்தது, ரேஷன் அரிசிக்குக் கை நீட்டினார்கள். கிளர்ச்சிக்காரனுக்குச் சோறு போகக் கூடாது என்று போட்ட திட்டம் அவனுக்கே ஆள் சேர்த்துக் கொடுத்தது. முடிவு 1986 ஜூன் 30 அன்று, கையெழுத்தில் வந்தது. 20 ஆண்டு தேடப்பட்ட முன்னணித் தலைவர் லால்டெங்கா அதே ஆண்டில் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார். 1987-இல் மிசோரம் தனி மாநிலம் ஆனது. இன்று நாட்டின் அமைதியான மாநிலங்களில் ஒன்று.

எதிரணி மலேயாவை எடுக்கலாம், அவர்களுக்கு நல்ல ஆயுதம் அதுதான். அங்கே கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ்காரர்கள் 1950 முதல் சுமார் 5 லட்சம் பேரைப் புதுக் கிராமங்களில் அடைத்தார்கள், ரப்பர் தோட்டத் தமிழர் லயங்களும் தப்பவில்லை. கடையில் டின் உணவு வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும். சில இடங்களில் அரிசியே தராமல் சோறாக வடித்துக் கொடுத்தார்கள், காட்டுக்குப் போவதற்குள் ஊசிப்போக. வேலை செய்தது, மறுக்க முடியாது. ஆனால் 1957-இல் சுதந்திரம் கொடுத்ததும் "வெள்ளையனை விரட்டு" என்ற பேச்சே செல்லாக்காசானது. அப்படியும் மிச்சக் குழு காட்டை விட்டு வரச் சம்மதித்தது 1989 ஒப்பந்தத்தில்தான்.

சீகைமரம்

நம்ம மலையில் களையாப் பரவுற சீகை (வாட்டில்) மரத்தை வெட்டித் தீ வெச்சா என்ன ஆகும்? மண்ணில் கிடக்கிற விதை சூட்டில் ஓடு வெடிச்சு ஒண்ணுக்கு நூறா முளைக்கும். குண்டு போடுறதும் அதுதான். டீச்சர், பிள்ளைங்க இதைச் சொன்னா கைதட்டு நிச்சயம்.

கூடலூர் பக்கம்

கைதட்டு விழும், வாதம் விழுந்துடும். மனுஷனைக் களைச்செடியோடு சேர்த்துப் பேசுறது போர் வேணும்கிறவங்க பாஷை, அதை நாம ஏன் எடுக்கணும்?

"குறையைத் தீர்த்தால் எல்லாம் சரியாகிடும்"னும் ஒரே அடியா பேச விடாதீங்க. எங்க பக்கம், ஜமீன் மாதிரியான பழைய நில உரிமையை எடுத்த 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கின நிலத்துக்கு இன்னும் பட்டாவுக்கு அலையுறாங்க. அதுக்காக யாரும் துப்பாக்கி தூக்கலை. குறை மட்டும் போதாது. ஆள் சேர்க்கிற அமைப்பு, பணம், ஒளிய இடம், அரசு செஞ்ச ஒரு பெரிய தப்பு, இத்தனையும் கூடணும். போர் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சாமானைத்தான் கொண்டுவந்து கொடுக்குது. வட அயர்லாந்தில் 1971 ஆகஸ்ட் 9 விடியற்காலை 342 பேரை விசாரணை இல்லாம அடைச்சாங்க. பிரிட்டிஷ் தரப்பின் கையில் இருந்தது பழைய பட்டியல், ஐ.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சி அமைப்பை விட்டு எப்பவோ ஒதுங்கினவங்களும் மாட்டினாங்க. கிட்டத்தட்ட அத்தனை பேரும் கத்தோலிக்கப் பக்கம். அந்த மோதலிலேயே அதிகம் பேர் செத்த வருஷம் 1972. ஒப்பந்தம் வர 1998 ஆச்சு.

வெலிங்டன் வாசி

ஹிட்லர் கேள்வியை மறந்துட்டேன். ஜெர்மனியும் ஜப்பானும் அரசுகள், சரண் பத்திரத்தில் கையெழுத்துப் போட 1945-இல் ஆள் இருந்தது. தலைமறைவு அமைப்பில் யார் போடுவாங்க? அப்புறம் ஜப்பானுக்கு 1947-இல் புது அரசியல் சட்டம், 1952 வரை ஆக்கிரமிப்பு நிர்வாகம். மேற்கு ஐரோப்பாவுக்கு 1948-இலிருந்து அமெரிக்காவின் மார்ஷல் உதவி, சுமார் 1,300 கோடி டாலர், அதில் மேற்கு ஜெர்மனிக்கும் பங்கு. ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமின் காவலர்களை ஜெர்மானியரே ஃபிராங்க்ஃபர்ட்டில் கூண்டில் ஏற்றினது 1963-இல். போர் முடிஞ்சு 18 வருஷம்.

கோத்தகிரி டீச்சர்

ரொம்ப நன்றி. மூணாவதா பேசுறவளுக்கு ஒரே ஒரு எண் வேணும், கடைசி நிமிஷத்துக்கு.

மூங்கில் காடு

ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் 2008 ஆய்வு, 1968 முதல் 2006 வரை 648 பயங்கரவாதக் குழுக்கள். முடிவுக்கு வந்தவற்றில் அரசியலுக்குள் வந்தவை 43 விழுக்காடு, போலீஸும் உளவுத்துறையும் முடித்தவை 40, கேட்டதை அடைந்து நிறுத்தியவை 10, ராணுவம் முடித்தவை 7. இன்னும் இயங்கிக்கொண்டிருந்தவையும் உடைந்து வேறு குழுவானவையும் இதில் சேராது. "648-இல் 7 விழுக்காடு" என்று வாய் தவறிச் சொன்னால் நடுவர் பிடித்துக்கொள்வார், மாணவியிடம் சொல்லி வையுங்கள்.