மத்தேரா குகைக் கோயில்கள்: முழங்கால் வலியோடு அம்மா ஏறுவார்களா?

பாம்பன்_பையன்:
தங்கச்சி இத்தாலியில் பாரி நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். அக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பக்கத்தில் மத்தேரா என்று ஒரு மலையூர், பாறையைக் குடைந்த மாதா கோயில்கள் உண்டு என்கிறாள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் கோயிலைத் தவிர அம்மா பழைய கோயில் எதையும் பார்த்ததில்லை. வயது 64, முழங்கால் வலி, காலையில் பழைய சோறு வேண்டும். ஒரு நாள் போதுமா? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

கீழக்கரை_காக்கா:
தம்பி, நான் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். பாரியில் கப்பல் பழுதுக்கு நின்றபோது அங்கே போய் இரண்டு நாள் தங்கினேன். சின்ன ரயில், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும்.

முதலில் முழங்கால். 'சாஸ்ஸி' என்கிற குகை வீட்டுப் பகுதி முழுக்கப் படிதான், கல் தேய்ந்து வழுக்கும். அம்மாவை மேலே வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்தில் உட்கார வையுங்கள், ஊர் பாதி அங்கிருந்தே தெரியும். அந்தச் சதுக்கத்துக்கு அடியில் 'பலொம்பாரோ லுங்கோ' என்று ஒரு தண்ணீர்த் தொட்டி. பாறையில் வெட்டியது, 16 மீட்டர் ஆழம், 50 லட்சம் லிட்டர் பிடிக்குமாம். மழைத்தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாக இறக்கிச் சேர்த்திருக்கிறார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. எனக்கு நம் ஊருணிதான் ஞாபகம் வந்தது, ஊரணிக்குக் கூரை போட்ட மாதிரி. குடத்தோடு காத்திருந்தே வளர்ந்தவன், கோயிலை விட அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

சரி, சாப்பாடு. அம்மா கவலைப்பட வேண்டாம், அங்கேயும் பழைய சோறு இருக்கிறது! 'சால்லெத்தா' என்பார்கள். காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, தக்காளி, வெங்காயம், ஆலிவ் எண்ணெய் சேர்ப்பது. ரொட்டி கடினக் கோதுமை ரவையில் செய்தது, வெளியே மொறமொறவென்று, உள்ளே மஞ்சளாக இருக்கும், பல நாள் கெடாது. அந்தக் காலத்தில் ஊர்ப் பொது அடுப்பில் சுடுவார்களாம். யார் ரொட்டி யாருடையது என்று குழம்பாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்து செதுக்கிய மர முத்திரை. அதைக் கடையில் விற்கிறார்கள், ஒன்று வாங்கி வந்தேன், என் மருமகள் அதைச் சப்பாத்தியில் குத்திப் பார்த்தாள்.

இன்னொன்று 'பெப்பெரோனி குருஸ்கி'. சிவப்பு மிளகாயை ஊசி நூலில் கோத்துக் காயப்போட்டு, சூடான எண்ணெயில் ஒரு நொடி போட்டு எடுப்பது. நம் முண்டு மிளகாயை நினைத்துப் பெரிதாகக் கடித்தேன், காரம் துளியும் இல்லை, இனிப்பு. ஏமாந்தேன், ஆனாலும் மூன்று தட்டு தின்றேன். மொச்சை மாதிரி ஒரு காய்ந்த பயறை வேகவைத்து மசித்து, கசப்புக்கீரையோடு தருவதும் நன்றாக இருக்கும். 'லுகானிகா' பன்றித் தொத்திறைச்சி, நான் தொடவில்லை.

தொண்டி_டீச்சர்:
காக்கா கோயிலைக் கோட்டை விட்டுவிட்டார். சாந்தா மரியா தே இத்ரிஸ் என்பது மொந்தெரோனே பாறையில் ஏறிப் பார்க்க வேண்டியது, 'வழிகாட்டும் மாதா' என்ற கிரேக்கப் பெயரிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். அம்மா ஏற முடியாவிட்டாலும் தூரத்திலிருந்து சிலுவை தெரியும். சான் பியெத்ரோ பாரிசானோ பெரியது. ஊருக்கு வெளியே ஆதிப்பாவக் குகை, 8, 9ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், முன்பதிவும் வண்டியும் வேண்டும். ஆதாம் ஏவாளைச் சுற்றிச் சிவப்புப் பூக்கள். இடையர் ஆட்டுக்கொட்டிலாக வைத்திருந்த இடம் அது, 1963ல்தான் அடையாளம் கண்டார்கள்.

தனுஷ்கோடி பற்றிச் சொன்னதால் இது. இந்தக் குகை வீடுகளில் மனிதரும் கழுதையும் ஒன்றாகக் கிடந்தார்கள், மலேரியா வேறு. அதனால் 1952ல் சட்டம் போட்டு, பல வருடங்களில் சுமார் 15,000 பேரை வெளியேற்றினார்கள். இத்தாலியின் வெட்கக்கேடு என்று பேசப்பட்ட ஊர். 1993ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2019ல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம். இப்போது அதே குகைகள் நட்சத்திர விடுதிகள். நம்முடையதை 1964 புயலுக்குப் பிறகு அப்படியே விட்டுவிட்டோம்.

பாம்பன்_பையன்:
நன்றி காக்கா, டீச்சர். இரண்டு நாள் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மாவிடம் ரொட்டிக் கதையைச் சொன்னேன். "தண்ணீரில் ஊறினது சரி, மோர் ஊற்ற விடுவானா?" என்கிறார்கள்.

கீழக்கரை_காக்கா:
விடமாட்டான். தயிரைத் தங்கச்சியை வாங்கி வைக்கச் சொல், அப்புறம் ஊறுகாயை மறந்துவிடாதே.