திருகோணமலைக் கோட்டை: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு போகலாமா?

கோவைக்காரி:
அடுத்த மாதம் அம்மாவோடு கோணேசர் கோயிலுக்குப் போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கோயில் பிரட்ரிக் கோட்டைக்குள்ளே, மலை உச்சியில் இருக்கிறதாமே. ஏற முடியுமா? கோட்டைக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா?

கோணமலையான்:
தங்கச்சி, நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. பயப்படாதேங்கோ, ஓட்டோ கோட்டைக்குள்ளால் கோயிலடி வரைக்கும் போகும். கடைசித் துண்டு மட்டும்தான் நடை.

ஆனால் கோட்டை வாசலில் ஒருக்கா இறங்குங்கோ. எல்லாரும் ஓட்டோவில் இருந்தபடியே கடந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். வாசல் கல்லில் மீன் செதுக்கியிருக்கும், பாண்டியர் சின்னம். கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்து. குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் இந்தக் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், உடைப்பான் என்கிற பாட்டின் மிச்சம் அது என்பார்கள். உடைத்தான்தான். கோயிலை இடித்து, அந்தக் கல்லை வைத்தே 1624இல் கோட்டை கட்டினான். தன்னைத் திட்டின கல்லைத் தன் வாசலிலேயே வைத்தான் பாருங்கோ! பிறகு கோட்டையைப் பிடித்தது 1639இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), 1795இல் ஆங்கிலேயர். பிரட்ரிக் என்ற பெயர் 1803இல் வந்தது. இப்போதும் உள்ளே இராணுவம் இருக்கிறது, படம் எடுக்குமுன் காவலில் நிற்பவரைக் கேட்டுவிடுங்கோ.

அப்புறம், மான்கள். அர்ச்சனைத் தட்டை இறுக்கிப் பிடியுங்கோ. போன பொங்கலுக்கு என் தட்டில் இருந்த வாழைப்பழத்தை ஒரு புள்ளிமான் தோலோடு தின்றது. வெற்றிலையை மோந்து பார்த்து, பிடிக்காமல் விட்டுவிட்டது.

மட்டுநகர்:
மத்தியானம் போகாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் சுடுகிற கோயில் கல்தரையில் கால் வைக்க முடியாது. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் பக்கம் காற்றும் பலமாக அடிக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோவைக்காரி:
நன்றி அண்ணா. கடலுக்கடியில் பழைய கோயில் இருக்கிறது என்பது உண்மையா, யூடியூப் கதையா?

கோணமலையான்:
கதை இல்லை. 1956இல் மைக் வில்சன் என்ற படப்பிடிப்பாளரும் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அந்தப் பாறையடியில் மூழ்கி, தூண்களையும் செதுக்கிய கற்களையும் பார்த்தார்கள். மேலே நின்றால் நீலத் தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

கோவைக்காரி:
சரி, வாசலில் கட்டாயம் இறங்குகிறோம். மானுக்கென்று தனியாக ஒரு சீப்புப் பழம் வாங்கட்டுமா என்று அம்மா இப்போதே கேட்கிறார்.