புது ஷூ வாங்கியதிலிருந்து கால் வலி, வேறு எந்த ஷூ வாங்கலாம்? (அவசரம்)

அடையாறு_21 (செவ்வாய், இரவு 10.42)
வணக்கம். ஜனவரியில் அரை மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி மூன்று வாரங்களுக்கு முன் 9,000 ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். அன்றிலிருந்து கால் வலி. காலையில் எழுந்து முதல் பத்து அடி வைப்பதற்குள் உயிர் போகிறது. கடையில் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். ஞாயிறு 14 கிலோமீட்டர் ஓட வேண்டும். எந்த ஷூ வாங்கலாம் என்று சீக்கிரம் சொல்லுங்கள்.

தாம்பரத்துத் தங்கை (இரவு 10.55)
காலில் எந்த இடம் அண்ணா? பாதமா, குதிகாலா, முழங்காலா? இதற்கு முன் எந்த ஷூவில் ஓடினீர்கள்? வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

நான்கு மணி ஓட்டம் (இரவு 11.20)
தம்பி, இதே கேள்விக்கு இந்த வருடம் மட்டும் நான் பலமுறை பதில் எழுதிவிட்டேன். கேட்பதற்கு முன் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் வைத்துப் பாருங்கள். பாதம் முழுவதும் பதிந்தால் தட்டைப் பாதம். உட்புறம் தாங்குகிற ஷூதான் வேண்டும். நண்பர் சொன்னார் என்று ஷூ வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

பெசன்ட் நகர் வாசி (புதன், காலை 6.05)
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஈரக்கால் சோதனையை நம்பி இவரைப் பணம் செலவழிக்கச் சொல்லாதீர்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களை வைத்து இதை ஆராய்ந்து, 2009 முதல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பாத வடிவம் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மறு பிரிவுக்கு வடிவம் பார்க்காமல் ஒரே வகை. காயங்களின் அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. போட்டு ஓடும்போது காலுக்கு இதமாக இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

நான்கு மணி ஓட்டம் (காலை 6.31)
பன்னிரண்டு வருடமாக ஓடுகிற என் காலை விடவா உங்கள் கட்டுரை?

வெறுங்கால் வேந்தன் (காலை 7.10)
ஷூவே வேண்டாம் என்பேன். 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். இத்தனை பஞ்சு எதற்கு?

பெசன்ட் நகர் வாசி (காலை 7.24)
அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். ரோமில் ஓடியதைவிடக் குறைந்த நேரத்தில். பாதியைச் சொல்லி மீதியை விடாதீர்கள்.

வெறுங்கால் வேந்தன் (காலை 7.40)
ஷூவினால்தான் வென்றார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தாம்பரத்துத் தங்கை (காலை 8.02)
யாரும் அப்படிச் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர் இன்னும் எந்த இடம் வலிக்கிறது என்றே சொல்லவில்லை. அவரைக் கொஞ்சம் பேச விடுங்கள்.

அடையாறு_21 (வியாழன், இரவு 9.15)
மன்னிக்கவும், அலுவலக வேலை. வலி கெண்டைக்காலின் கீழே, குதிகாலுக்குச் சற்று மேலே, இரண்டு காலிலும். வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் 30 கிலோமீட்டர், அதில் மாற்றமில்லை. பழைய ஷூவின் பெட்டியில் டிராப் 10 மி.மீ. என்றும் புதியதில் 0 என்றும் போட்டிருக்கிறது. இது முக்கியமா?

தாம்பரத்துத் தங்கை (இரவு 9.33)
இதுதான் முக்கியம் அண்ணா! டிராப் என்றால் குதிகாலுக்குக் கீழுள்ள உயரத்துக்கும் முன்பாதத்துக்குக் கீழுள்ள உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். பழைய ஷூ உங்கள் குதிகாலை 10 மி.மீ. தூக்கியே வைத்திருந்தது. இப்போது அது இறங்கிவிட்டதால், குதிகாலுக்கு மேலே கயிறுபோல ஓடும் தசைநாணும் கெண்டைக்காலும் ஒவ்வோர் அடியிலும் கூடுதலாக இழுபடுகின்றன. அதே 30 கிலோமீட்டரை ஒரே நாளில் இந்த ஷூவுக்கு மாற்றினால் வலிக்கத்தான் செய்யும். ஷூ மோசமானது அல்ல. பழக அவகாசம் கொடுக்கவில்லை. எனக்கும் இதே நடந்தது, ஆறு வாரம் ஓட முடியவில்லை. அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்: இந்த ஞாயிறு 14 வேண்டாம். வலி அடங்கிய பிறகு பழைய ஷூவில் குறைந்த தூரத்திலிருந்து தொடங்குங்கள். அந்த இடம் வீங்கியிருந்தாலோ, நடக்கும்போதே வலி கூடினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

பெசன்ட் நகர் வாசி (இரவு 9.50)
தங்கை சொல்வதுதான் சரி. ஒரு சேர்க்கை: புதிதாக வாங்குவதானால் மாலையில் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் காலுறையையே போட்டுக்கொள்ளுங்கள். இன்சோலை, அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். நான் இதைப் பார்க்காமல் வாங்கி இரண்டு நகங்கள் கறுத்து விழுந்தன.

நான்கு மணி ஓட்டம் (இரவு 10.10)
டிராப் விஷயத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். பழைய ஷூ எத்தனை கிலோமீட்டர் ஓடியது? 800ஐத் தாண்டியிருந்தால் அடிப்பஞ்சு அமுங்கிப்போயிருக்கும், அதையும் பாருங்கள் தம்பி.

அடையாறு_21 (பதினாறு நாள் கழித்து, காலை 7.48)
பத்து நாள் ஓடவில்லை. இன்று பழைய ஷூவில் 5 கிலோமீட்டர், வலி இல்லை. பழையது 900ஐத் தாண்டிவிட்டதால் நேற்று மாலை 8 மி.மீ. டிராப்பில் ஒன்று வாங்கினேன், அரை அளவு பெரியதாக. இன்சோல்மேல் நின்று பார்த்துத்தான் எடுத்தேன். எல்லோருக்கும் நன்றி.

வெறுங்கால் வேந்தன் (காலை 8.15)
மகிழ்ச்சி. அந்த 0 டிராப் ஷூவை விற்கிறீர்களா? எந்த அளவு?